கண்ணாடிக் கூண்டுக்குள் திராட்சை விலை

எஸ்.டி.டி. பூத் நடத்துவது என்றால், காதில் விழுவதையெல்லாம் விழாத மாதிரி உட்கார்ந்திருப்பது. ஒட்டுக்கேட்பது பாவம் என்று கான்வென்டில் சிஸ்டர்கள் சொல்லித் தந்தார்கள். அவர்கள் யாரும் வீட்டு முன்னறையில் பூத் வைத்ததில்லை. வைத்து அவதிப்பட்ட சகோதரிகளே, நீங்களாவது நான் சொல்வதை நம்புவீர்கள்.

கதவைச் சாத்தினால் ரகசியம்

செல்போன் வராத காலம். அனுமந்தன்பட்டியில் திராட்சை பழுத்துவிட்டால் என் பெஞ்சில் இடமிருக்காது. தோட்டக்காரர்கள் எல்லாருக்கும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஒரே வியாபாரி. முத்தையா அண்ணன் கூண்டுக்குள் போய்க் கதவை இழுத்துச் சாத்துவார். லைன் சரியில்லாமல், "கிலோ எட்டுக்குக் கொறைஞ்சா வெட்ட மாட்டேன்" என்று தெருமுனை வரை கேட்கக் கத்துவார். வெளியே வந்ததும் பக்கத்துத் தோட்டத்துச் செல்லத்துரை, "என்ன வெல மாமா?" என்று கேட்டால், "இன்னும் பேசலப்பா."

ஒருநாள் பொறுக்காமல், "எங்க எல்லாருக்கும்தான் கேட்டுச்சே அண்ணே" என்றேன்.

"நீ கேட்டா என்னத்தா, ஒனக்கா தோட்டமிருக்கு?"

மாமாவிடமே கேட்டால் என்ன

அடுத்து உள்ளே போன செல்லத்துரை தொங்கிய முகத்தோடு வந்தார். "மாமா ஆறரைக்கு ஒத்துக்கிட்டாகளாம், மதினி. எனக்கும் அதுதானாம்."

அந்த மாமா பெஞ்சில்தான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். "அவரையே கேட்க வேண்டியதுதானே?" என்றேன். செல்லத்துரை குரலைத் தாழ்த்தினார்.

"கேட்டா, நான் எந்த வெலைக்கு எறங்குவேன்னு மாமா தெரிஞ்சுக்கிருவாகள்ல."

ஸ்பீக்கர் பட்டன்

மலைப்பக்கம் மேகம் கறுத்திருந்தது. இரண்டு நாளில் வெட்டாவிட்டால் மழையில் பழம் வெடித்து, பட்ட பாடெல்லாம் கொடியிலேயே அழுகும். எனக்குப் பொறுமை கிடையாது. மேசைப் போனில் நானே வியாபாரியைக் கூப்பிட்டு, இருவரையும் பக்கத்தில் நிறுத்தி, ஸ்பீக்கரை அமுக்கிச் செல்லத்துரையைப் பேசச் சொன்னேன்.

"முத்தையா சேட்டன் ஆறரைக்குச் சம்மதிச்சல்லோ" என்றான் வியாபாரி.

"நான் எப்படா சம்மதிச்சேன்?" என்றார் முத்தையா.

"செரி, ரெண்டாளுக்கும் எட்டு. நாளைக்கு லாரி வரும்" என்று வியாபாரி போனை வைத்துவிட்டான். ஜெயித்துவிட்டோம் என்று காபி போட எழுந்தேன்.

செல்லத்துரை செருப்பை மாட்டுவதற்குள் அண்ணன் கூண்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். "லாரி மொதல்ல என் தோட்டத்துக்கு வரட்டும், ஏழரைக்குத் தாரேன்" என்று தெருவுக்கே கேட்டது. செல்லத்துரை செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அவுக முடிச்சதும் எனக்கு லைன் போடுங்க மதினி, நான் ஏழுன்னு சொல்லிப் பாக்குறேன்."

மழைக்கு முன்னால் இரண்டு தோட்டமும் அதே ஆறரைக்கு வெட்டி முடிந்தது. மலைக்கு அந்தப் பக்கத்து ஆளோடு காசு கொடுத்துப் பேசியவர்களுக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளோடு ஓசியில் பேச மட்டும் மனசு வரவில்லை.