நரக வாசலில் நடுத்தலை

இத்தாலியில், போ என்னும் நதியின் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே கறிக்கடை வைத்திருக்கும் எர்மேதே நான். சாயங்காலங்களில் ஊர் அரங்கின் கூட்டுப்பாடகர்களில் ஒருவன், கடைசி வரிசை. என் குரல் தனித்துத் தெரிகிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் கடைசி வரிசை என்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

போன இலையுதிர்காலத்தில் ஒரு கிரேக்கக் கதையை ஓபராவாகப் போட்டோம். செத்துப்போன மனைவியை மீட்க ஒரு பாடகன் பாதாளத்துக்குப் போகிறான். பாடியே காவல் நாயைத் தூங்கவைக்கிறான். அவளைக் கூட்டிக்கொண்டு வரலாம், ஆனால் வழியில் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் மறுபடி செத்துவிடுவாள்.

இயக்குநர் கொர்னேலியா, "உங்களுக்குத் தனி வேஷம் வச்சிருக்கேன்" என்றார். என்ன வேஷமென்று கேட்காமலே ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். மறுநாள்தான் தெரிந்தது, நான்தான் அந்த நாய். மூன்று தலை நாய். ஓரத்துத் தலைகளில் பஞ்சு, நடுத்தலையில் நான். பாட ஒரு வரி கிடையாது.

"ரெண்டுல மட்டுமா பஞ்சு?" என்றாள் என் மனைவி நிவேஸ். "மூணுலயும்னு சொல்லு."

மேடையேறிய முதல் நாள் தைரியத்துக்காகப் பூசணிப் பூரணம் வைத்த பாஸ்தா இரண்டு தட்டு, கூடவே சிவப்பு ஒயின். நாய்த்தோலுக்குள் அடுப்படிச் சூடு. நாயகன் ஆல்வீசே பாடினான், சொல்லிக்கொடுத்தபடி படுத்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, அரங்கம் அதிரும் சிரிப்பு.

நான் குறட்டை விட்டிருக்கிறேன். மனைவியாக நடித்தவளோடு என்னைக் கடந்துகொண்டிருந்த ஆல்வீசே திடுக்கிட்டுத் திரும்பிவிட்டான். வாத்தியக்காரர்கள் அந்தக் காட்சியின் இசையில் பாதிகூட வாசித்திருக்கவில்லை. அவள்தான் பாவம், என்ன செய்வாள்? செத்து விழுந்தாள்.

காலையில் கடைக்கு வந்த தபால்காரர், "மெல்ல வெட்டுப்பா. சத்தம் கேட்டு யாராச்சும் செத்துடப்போறாங்க" என்றார்.

நான் விலகிக்கொள்கிறேன் என்று கொர்னேலியாவிடம் சொன்னேன்.

"தோலை உங்க தொப்பைக்கு அளவெடுத்துத் தச்சாச்சு. வேற யாரு போட்டாலும் தொளதொளன்னு தொங்கும். முழிச்சிருங்க, அது போதும்."

இரண்டாம் நாள் வெறும் காப்பியோடு போனேன். ஆல்வீசே பாடினான். ஒத்திகையில் அத்தனை தடவை கேட்ட பாட்டுதான். அப்போதெல்லாம் என்னை யார் பார்க்கிறார்கள் என்பதிலேயே இருந்தேன். அன்றுதான் காதில் விழுந்தது. அவளில்லாத வீட்டுக்கு எப்படித் திரும்பிப் போவேன் என்று கேட்கிறான். பார்வையாளர்களின் மூன்றாவது வரிசையில் நிவேஸ் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். நான் வாயைப் பிளந்து நின்றேன். பாட்டு முடிந்தது. வாசலை மறித்து அப்படியே நின்றேன்.

"படுத்துத் தொலைய்யா!" என்று பல்லைக் கடித்தான் ஆல்வீசே.

தொப்பென்று விழுந்தேன். அதன்பின் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவன் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பினான், அவள் சாக வேண்டிய இடத்தில் செத்தாள். நானும் தோலுக்குள் மூக்கடைக்க அழுதேன்.

திரைக்குப் பின்னால் வந்து நிவேஸ்தான் தலையைக் கழற்றினாள்.

"என்னய்யா, அழுதியா?"

"வேர்வை."

"நாய்க்கு எங்கய்யா வேர்க்கும்?" என்று தன் சால்வையாலேயே என் முகத்தைத் துடைத்தாள். "வழிய விடாம நின்னியே, அந்தப் பையன் மூஞ்சியப் பாத்தியா!"

வீடு போய்ச் சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.