பாரம் இல்லாமல் கெட்ட பேரிங்

ஜெட் இன்ஜின் வடிவமைக்கும் அந்த அலுவலகத்தில் அவளைக் 'கணக்கக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷமாக ஒரே வேலை. முன்னால் இருக்கும் கம்ப்ரஸர் சுழல்தண்டை முன்பக்கம் இழுக்கும், பின்னால் இருக்கும் டர்பைன் பின்பக்கம் தள்ளும். ஒன்றுக்கொன்று கழிந்தது போக மிஞ்சும் தள்ளல் முழுவதும் உருண்டைகள் வைத்த ஒரே ஒரு பால் பேரிங்கின் தலையில்தான் விழும். அது எவ்வளவு என்று கண்டுபிடித்துக் குறைப்பது அவள் பொறுப்பு.

புதிய இன்ஜினில் அது இரண்டு டன்னைத் தாண்டியது. எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, தண்டிலிருந்த தட்டு ஒன்றின் பின்னால் அழுத்தக் காற்றை விட்டு எதிர்த்துத் தள்ளவைத்தாள். பாரம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் ஆகிவிட்டது. மேலாளர் கூட்டத்தில் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். வீட்டுக்காரர், இனிமேலாவது ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பாயா என்று கேட்டார்.

சோதனை ஓட்டத்தின் நாற்பதாவது நிமிடம், எண்ணெயில் இரும்புத் தூள் கலப்பதாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. இன்ஜினை நிறுத்திப் பிரித்த மெக்கானிக் அவளை வரச் சொன்னார்.

மேஜைமேல் கிடந்த பேரிங் உருண்டைகள் அரம் போட்டுத் தேய்த்ததுபோல் இருந்தன. கணக்கில் எங்கோ ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டோம், பாரம் எகிறிவிட்டது என்றே நினைத்தாள்.

மெக்கானிக் ஓர் உருண்டையை விளக்கடியில் திருப்பிக் காட்டினார். "பாரம் தாங்காம போயிருந்தா குழி விழுந்திருக்கும்க்கா. இது உருளவே இல்ல. வழுக்கிக்கிட்டே போயிருக்கு."

அவள் உருண்டையை வாங்கித் தானும் விளக்கடியில் திருப்பிப் பார்த்தாள். உருண்டை உருள வேண்டுமென்றால் அதை ஏதாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த அழுத்தத்தைத்தான் பாடுபட்டு எடுத்திருந்தாள். நடுவேகத்தில் தள்ளல் முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக மாறும்போது பேரிங்குக்குப் பாரமே இல்லை. கணக்கு முடிந்த நாளிலிருந்தே பாரத்தைக் காட்டும் வரைபடக் கோடு அந்த இடத்தில் பூஜ்யத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. அவளே பார்த்துப் பெருமைப்பட்ட கோடு.

மேலாளர் பேரிங் விற்ற கம்பெனிக்குப் புகார்க் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

"அத அனுப்பாதீங்க சார். அவங்க பேரிங் நல்ல பேரிங். நான்தான் அத வேலையில்லாம பண்ணிட்டேன்."

அவர் கடிதத்தை ஒதுக்கி வைத்தார். பிறகு, எவ்வளவு பாரம் வேண்டும் என்று மட்டும் கேட்டார். எந்த வேகத்திலும், ஒரே திசையில், முந்நூறு கிலோவாவது என்றாள்.

தட்டின் பின்னால் அந்தக் காற்றை அடைத்து நிறுத்தும் வளையத்தின் விட்டத்தைச் சுருக்கினாள். எதிர்த்தள்ளல் குறைந்தது. ஆறு வாரம் கழித்து இன்ஜின் நூற்றைம்பது மணி நேரம் ஓடியது. உருண்டைகள் கண்ணாடிபோல் வெளியே வந்தன. எல்லோரும் சிரித்தார்கள், அவள் ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் தடவிக்கொண்டே இருந்தாள்.