ஐந்தரைக் கட்டை

நவீன்ராஜுக்கு ரயில் என்றால் கொள்ளை ஆசை. வீட்டருகே பென்டில் ஹில்லில் ஏறினால் சிட்னி நகரம் வரை இரண்டடுக்குப் பெட்டியின் மேல்தட்டில், ஜன்னலோரம்தான். அங்கேதான் ஹரிப்பிரியா பழக்கமானாள்.

வீட்டில் முதல் பட்டதாரி அவன். ஆபீசில் எல்லாரும் சின்ன வயதில் பியானோ கற்ற கதையைப் பேசியபோது, "நானும் வாசிப்பேன்" என்று சொல்லிவைத்தான். அதையே அவளிடமும் சொன்னான். உண்மையில் அவன் வாசித்தது பாளையங்கோட்டையில், சர்ச் கீபோர்டு. ஒரே சுருதிதான் தெரியும். பாடுகிறவர் எந்தச் சுருதியில் பாடினாலும் டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கினால் கீபோர்டு தானே மாறிக்கொள்ளும்.

அன்று மாலை வீடு திரும்பும்போது ஸ்டேஷனில் ஒரு பியானோ. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஹரிப்பிரியா அவன் பையைப் பிடித்து இழுத்தாள்.

"பெரிய பியானிஸ்ட்! உக்காருங்க. அக்கா கல்யாண ரிசப்ஷன்ல நான் பாட, நீங்க வாசிக்கப் போறீங்களே, அதுக்கு ஒரு ஒத்திகை. என் சுருதி அஞ்சரைக் கட்டை."

அவனுக்குத் தெரிந்த ஒரே சுருதி ஒரு கட்டை, அவளுடையதைவிட மிகத் தாழ்ந்தது. கை தானாக மேலே இடது மூலையில் பட்டனைத் தேடியது. வெறும் மரம்.

"இதுல சுருதி சரியில்ல," என்றான். "ஒரு கட்டைக்கு இறங்கிப் பாடுங்க."

நம்பி இறங்கினாள். இரண்டாம் வரியில் குரல் தொண்டைக்குள்ளேயே நின்றது. கூடியவர்கள் நகர்ந்தார்கள். யாரோ சிரித்தார்கள். அவன் சிரித்தவரைப் பார்க்காமல் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரயிலில் அவள் போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு?"

"அக்காவுக்கு. பாடலைன்னு சொல்லிடறேன். தொண்டையே போச்சு போல. சாரி, உங்க மானத்தையும் வாங்கிட்டேன்."

அவன் அவள் கையிலிருந்த போனைப் பார்த்தான். நான் படித்தவன், நான் வாசிப்பவன் என்று யாருக்கு நிரூபிக்க இத்தனை பாடு?

"அனுப்பாதீங்க. உங்க தொண்டைல ஒண்ணுமில்ல. பியானோலயும் ஒண்ணுமில்ல. எனக்கு அஞ்சரைல வாசிக்கத் தெரியாது."

அவள் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

"அதை அங்கயே சொல்லியிருந்தா?"

"உங்க முன்னாடி அசிங்கமாயிடும்னு..."

"அதான் என்னை அசிங்கப்படுத்தினீங்களா?"

அவள் செய்தியை அழித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

"ரிசப்ஷன்ல போன்ல தம்பூரா ஆப் போட்டுப் பாடிக்கிறேன். நீங்க வர வேண்டாம்."

கீழ்த்தட்டுக்கு இறங்கிப் போனாள். அவன் எழுந்திருக்கவில்லை.