சாம்பல் நிறக் கதவுகள்

ரத்தோட்டையில் வாடகைக்கு ஹயர் ஓடும் வேன்காரர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ரிவர்ஸ்டன் மலைக்குப் போக அவருடைய வேனைத்தான் பேசி வைத்திருந்தேன். மழித்த முகம், நெற்றியில் திருநீறு, படிய வாரிய தலை. அத்தனை சுத்தமான மனிதர். வேன் கதவுகளின் உள்பலகைகளைக் கழற்றி, முற்றத்தில் சாக்கு விரித்துப் பரப்பி, சாம்பல் நிறப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பலகையை முடித்ததும் குனிந்து மோந்து பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார்.

ஒரு பலகையில், ஈரப் பெயின்டுக்கு அடியில், சோற்றுப் பருக்கைகள் துருத்திக்கொண்டிருந்தன.

"இது என்னங்க?" என்றேன்.

"ரிவர்ஸ்டன் வளைவுல புள்ளைங்க வாந்தி எடுத்துருதுங்க சேர். ஒவ்வொரு ஹயருக்கும் கழுவிக்கிட்டு இருக்க முடியுங்களா? மேல பெயின்ட் அடிச்சா நாத்தம் அமுங்கிரும். நீங்களே மோந்து பாருங்களேன்."

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வேன் வேண்டாம் என்றேன். அவர் கோபப்படவில்லை. "சேருக்குப் பெயின்ட் வாடை ஒத்துக்காது போல" என்று எனக்காக இரக்கப்பட்டார்.

ஞாயிறன்று நாங்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, அதே வேன் வேறொரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சந்தியில் வந்து நின்றது. தூறலுக்காகக் கண்ணாடிகளையெல்லாம் மூடியிருந்தார்கள். உள்ளே ஒரு சின்னப் பெண் கதவில் கன்னத்தை ஒட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். வேன்காரர் பக்கத்துக் கண்ணாடி மட்டும் முழுக்க இறங்கியிருந்தது. மழைக்குள் மூக்கை நீட்டியபடி அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நானும் சிரித்து வைத்தேன். அந்தப் பிள்ளையின் தாயிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நினைத்தால்தான் இன்றும் குமட்டுகிறது.