உள்ளேயிருந்து திறக்காத கதவு

அந்தத் தெருவில் கணவன்மார் அத்தனை பேருக்கும் டைம்கீப்பரைக் கண்டால் ஆகாது. வாசலில் காரை நிறுத்தியதும் மனிதர் முன்பக்கமாகச் சுற்றி ஓடிவந்து மனைவிக்குக் கதவைத் திறந்துவிடுவார். "கட்டினா இப்படி ஒருத்தரைக் கட்டியிருக்கணும்" என்று எதிர்வீட்டு அம்மாள் தன் வீட்டுக்காரர் காதில் விழும்படி பெருமூச்சு விடுவாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? உண்மை என்னவென்றால், அந்தக் கிழட்டுக் காரில் அவள் பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. கைப்பிடியை இழுத்தால் தொளதொளவென்று வரும், கதவு அசையாது. வெளியிலிருந்தும் லேசில் திறக்காது. கைப்பிடியைத் தூக்கி, முழங்காலால் ஒரு இடி இடித்து, வெடுக்கென்று இழுக்க வேண்டும். அந்த வித்தை அவர் ஒருவருக்குத்தான் கைவந்திருந்தது.

பஸ் டிப்போவில் வண்டிகளை நேரத்துக்குக் கிளப்பிவிடுவது அவர் வேலை. பேச்சு என்றால் அவருக்கு உயிர். ஆனால் ஒரு டிரைவரைப் பிடித்துப் பாதி சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிடும். கிளப்புகிறவரே அவர்தானே! ஆகவே மிச்சப் பேச்சு முழுவதும் காரில் மனைவிக்கு. அவளுக்கு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் கொண்டுவிட்டு மாலையில் அழைத்துவருவார். போகவர ஒரே பிரசங்கம். டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதில் தொடங்கி, அவள் தம்பி ஏன் உருப்படவில்லை என்பதில் முடியும். அவள் 'உம்' கொட்டுவாள். தன் பேச்சை ரசித்துக் கேட்கிற ஒரு ஜீவன் உலகத்தில் இருக்கிறது என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

கதவைக் கவனிக்காமல் விட்டார் என்று சொல்ல முடியாது. எது முரண்டு பிடித்தாலும் எண்ணெய் விடு என்பது அவர் வைத்தியம். சாவித் துவாரம், கைப்பிடி இடுக்கு, கதவோரத்துக் கொக்கி என்று ஒன்றையும் விடாமல் என்ஜின் ஆயிலை ஊற்றினார். இரண்டு நாள் நன்றாக இருக்கும், பிறகு முன்னைவிட மோசம். "ஆயில் விடாதீங்க சார், தூசிய இழுத்து வெச்சுக்கும்" என்றார் டிப்போ மெக்கானிக். அவருக்கே ஆயிலைப் பற்றிக் கால் மணி நேரம் பாடம் எடுத்தார் இவர்.

ஒருநாள் மாலை, "ரெண்டே நிமிஷம்" என்று மனைவியைக் காரில் விட்டுவிட்டுப் பல்பு வாங்கக் கடைக்குள் போனார். உள்ளே பழைய கண்டக்டர் ஒருவர் அகப்பட்டார். ஓய்வு பெற்றவர், ஓடிப்பிடிக்க பஸ் எதுவும் இல்லாதவர். இவர் விடுவாரா? வெளியே சாய்ந்த வெயில் அவள் முகத்தில் அடித்தது. கைப்பிடியை இழுத்தாள், ஹாரன் அடித்தாள். கடைசியில் கியரைத் தாண்டி, கைப்பை வார் மாட்டிக்கொள்ள, செருப்பு ஒன்று கழன்று விழ, அவர் பக்கத்துக் கதவு வழியாகத் தவழ்ந்து வெளியே வந்தாள். நடைபாதையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அந்தக் கதவு உள்ளேர்ந்து திறக்கட்டும். அதுவரைக்கும் நான் அதுல ஏற மாட்டேன்" என்றாள் வீட்டில்.

"நான்தான் திறந்துவிடறேனே."

"அதான் பிரச்சினையே."

மறுநாளிலிருந்து பஸ்ஸில் போனாள். காலி இருக்கையோடு அவரால் எவ்வளவு தூரம்தான் பேச முடியும்? அவள் இல்லாத கார் அவருக்குக் கசந்தது. இப்படியே பழகிப்போய் இனி ஏறவே மாட்டாளோ என்று பயமாகவும் இருந்தது. விடுமுறை நாளில் மெக்கானிக்கிடமே போய் நின்றார். இந்தத் தடவை காதைத் திறந்து, வாயை மூடி.

கதவின் உள்பலகையைக் கழற்றினால், கொக்கி இருக்கும் இடம் தெரியவில்லை. அவர் விட்ட ஆயிலும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து தார் மாதிரி இறுகியிருந்தது. மெக்கானிக் சொல்லச் சொல்ல, மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷ்ஷுமாக இவரே அதைச் சுரண்டிக் கழுவினார். கைப்பிடியையும் கொக்கியையும் இணைக்கிற கம்பியின் பிளாஸ்டிக் கவ்வி உடைந்து தொங்கியது. புதியது போட்டார். கொக்கிக்கு மட்டும் கொஞ்சம் வெள்ளை கிரீஸ். சாவித் துவாரத்துக்குப் பென்சில் கரித்தூள், எண்ணெயே கிடையாது. கதவைச் சாத்துவதற்கு முன்பு ஸ்க்ரூடிரைவரால் கொக்கியை மடக்கி, கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். டக்கென்று விட்டது.

மறுநாள் காலை அவள் ஏறினாள். உட்கார்ந்து, உள்ளேயிருந்து நாலு தடவை திறந்து மூடிப் பார்த்தாள். கார் கிளம்பியது. பல நாள் தேக்கி வைத்தது அவருக்கு மடை திறந்துகொண்டது. சிவப்பு விளக்கில் நின்றபோது, "உன் தம்பிய எடுத்துக்கோ" என்று ஆரம்பித்தார்.

அவள் கைப்பிடியை இழுத்தாள். "ஆஸ்பத்திரி இங்க பக்கம்தான். நான் நடந்துக்கறேன்." கதவு பதமாகச் சாத்திக்கொண்டது.

பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் அவள் கேட்டுக்கொண்டு வரவில்லை. இறங்க வழியில்லாமல் வந்திருக்கிறாள்.

மாலையில் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தார். வருவாளா, பஸ்ஸுக்குப் போய்விடுவாளா என்று தெரியவில்லை. வந்தாள். தானே திறந்து உட்கார்ந்தாள். பாதி தூரம் அவர் மூச்சுவிடவில்லை.

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"பேசினா நீ இறங்கிடுவே."

"இறங்கணும்னு தோணினா இறங்குவேன். அதுக்காக ஊமை மாதிரி வரணுமா?"

அவர் "இன்னிக்கு லேப்ல என்ன?" என்று கேட்டுவைத்தார்.

அவ்வளவுதான். புதிதாக வந்த மைக்ராஸ்கோப், அதை யார் துடைப்பது என்ற சண்டை, பெரிய டாக்டர் பஞ்சாயத்துக்கு வந்து மூக்குடைபட்டது என்று ஆரம்பித்தவள், வீட்டு வாசலில் என்ஜினை அணைத்த பிறகும் முடிக்கவில்லை. அவர் பக்கத்துக் கதவு என்றைக்கும் மக்கர் செய்ததில்லை. கை தானாகக் கைப்பிடி வரைக்கும் போனது. பிறகு திரும்பி வந்து ஸ்டியரிங் மேல் உட்கார்ந்துகொண்டது.

"அப்புறம்?" என்றார்.