அண்ணன் கையில் கொடுத்த பைப்

ஜூன் மாதத் தேதியிட்ட ஆஸ்பத்திரிச் சீட்டின் கடைசி வரி: ‘புகையிலை எந்த வடிவிலும் கூடாது.’ அண்ணனுடைய ஒரு பக்க நுரையீரலில் பாதியை எடுத்திருந்தார்கள். பொழியூரில் படகு எஞ்சின் பழுது பார்த்து வந்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தமிழ்நாடு-கேரள எல்லையில், பனச்சமூட்டில் இருக்கும் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மறுநாளே ஜங்ஷனில் இரண்டு மாநிலத்துப் பெட்டிக்கடைகளிலும் ஏறி இறங்கி, அவருக்குப் பீடி கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவைத்தேன்.

என் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. அது நிறைய இங்கிலாந்தில் செய்த, புகைபிடிக்கும் பழைய பைப்புகள். நான் புகைத்ததில்லை. வெள்ளிப் பூண் போட்ட பைப்பில், பூணின் மேல் நங்கூரமோ சிறுத்தைத் தலையோ முத்திரையாகக் குத்தி, பக்கத்தில் ஓர் எழுத்தும் பொறித்திருப்பார்கள். அந்த எழுத்து ஆண்டைச் சொல்லிவிடும். என்னை இழுத்தது அதுதான்.

அண்ணன் நாற்காலியை அலமாரிக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டார்.

“எலே, வெள்ளக்காரன் சப்பிப் போட்டத கண்ணாடிக்குள்ள வச்சிருக்க. நான் சப்புன பீடித் துண்ட எவனாவது வைப்பானா?”

“இது பிரையர்ங்கிற செடிக்க வேராக்கும் அண்ணே. லேசுல தீப்பிடிக்காது.”

“அப்பம் அதுல ஒரு துண்ட என் நெஞ்சுக்குள்ள வச்சுத் தச்சிருக்கலாம்.”

அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தேன். குளிக்கும்போதுகூடக் காது கூடத்திலேயே இருந்தது. ஒரு நாள் அவர் கேட்டார்: “வெறும் பைப் ஒண்ணு தா மக்கா. வாய் சும்மா இருக்க மாட்டேங்குது.”

ஒரு பைப்பில் புகையிலை வைக்கும் கிண்ணத்தில் உப்பை நிரப்பி, ஸ்பிரிட் ஊற்றி ஊறவைத்தேன். பழைய புகையிலையின் வாடையை உப்பு இழுத்துவிடும். துடைத்துக் கொடுத்தேன். உறிஞ்சிப் பார்த்தார்.

“பிள்ளைக்கு ரப்பர் காம்பு குடுத்து ஏமாத்துன மாதிரி உண்டு,” என்றார். ஆனால் திருப்பித் தரவில்லை.

பிறகு ஒரு காலையில் நெய்யாற்றின்கரைப் பழைய சாமான் கடைக்காரர் போன் செய்தார். ஏதோ எஸ்டேட் பங்களாவிலிருந்து ஒரு பைப் வந்திருந்தது. “எழுத்து நல்ல தெளிவாட்டு உண்டு சாரே. வேகம் வரணும்.”

“போயிட்டு வா. நான் எங்க ஓடப் போறேன்?” என்றார் அண்ணன்.

பஸ் நிறுத்தத்துக் கடையில் எங்கள் முற்றம் பெருக்கும் அம்மாள் நின்றிருந்தார். எங்கள் வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்தவர். கேட்கும் முன்பே கடைக்காரர் வெற்றிலையோடு ஒரு துண்டுப் புகையிலையையும் மடித்துக் கொடுத்தார். காலையில் அந்த அம்மாளும் அண்ணனும் ஜன்னல் வழியே பேசிச் சிரிப்பது வழக்கம். நான் பீடியைத்தான் தடுத்திருந்தேன். மெல்லும் புகையிலையை நினைக்கவேயில்லை. அதைப் பற்றவைக்க ஒரு கிண்ணம் வேண்டும். கிண்ணத்தைக் கொடுத்தவன் நான்.

பஸ் வந்து நின்றது. நான் வீட்டுக்குத் திரும்பினேன்.

அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அறையில் புகையிலை வாடை. பைப் ஜன்னல் படியில் கிடந்தது. தொட்டேன், சூடாக இருந்தது.

“பஸ் கிடைக்கலியா?” திரும்பாமலே கேட்டார்.

“இல்ல.”

“கள்ளம் சொல்லாத எலே. ஹார்ன் அடிச்சது இங்க கேட்டுது.”

அன்றும் நெய்யாற்றின்கரைக்குப் போகவில்லை, பிறகும் போகவில்லை. இப்போது அலமாரிக்கு எதிரே இரண்டு நாற்காலிகள் கிடக்கின்றன, ஒன்று எனக்கு. அந்த ஜன்னல் படியில் காலை வெயில் விழும். கிண்ணத்துக்குள் முன்பே கரி படிந்திருந்ததால் அதைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. அறையில் இருந்த புகையிலை வாடை அந்த அம்மாள் ஜன்னலருகே நின்று மென்றதாகவும் இருக்கலாம். அவரிடம் நான் கேட்கவில்லை. பைப் வெயிலில் சுட்டதா, நெருப்பில் சுட்டதா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.