ரெண்டு கற்பூர மரம், ஒரு குடைச் சின்னம்

தேர்தல் ஜீப்பில் மைக் பிடிப்பவனுக்குக் குரல் இருந்தால் போதும். மூடுபனி இறங்கும் எங்கள் மலையில் முகம் இருந்தும் பிரயோசனம் இல்லை.

காலையில் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போது “தாய்மார்களே!” என்ற அலறலில் திடுக்கிட்டு எழுந்து, என்னை வாயாரத் திட்டிய அன்பர்களே! நீங்கள் பட்டது ரொம்பக் கொஞ்சம். ஜீப் உங்கள் வாசலைக் கடந்து போய்விட்டது. நான் அதே ஜீப்புக்குள், அதே குழாய் ஒலிபெருக்கிக்கு அடியில், ஈரக் கித்தான் நாற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு வயது பதினேழு. ஓட்டுப் போட இருபத்தொன்று ஆகியிருக்க வேண்டும். ஓட்டுக் கேட்க அப்படி ஒரு சட்டமும் இல்லை.

கோடு விழுந்த இடம்

எங்கள் டீ எஸ்டேட்டின் நடுவே ஒரு ஓடை. ஓடைக்கு மேலே ஒரு லைன், கீழே ஒரு லைன். லைன் என்றால் தொழிலாளர்கள் குடியிருக்கும் வீட்டு வரிசை. தொகுதிகளைத் திருத்தி வரைந்தபோது, யாரோ ஒரு புண்ணியவான் வரைபடத்தில் இந்த ஓடையைப் பார்த்திருக்கிறார். ‘அட, கோடு தயாராகவே கிடக்கிறதே’ என்று அதையே எல்லையாக்கிவிட்டார். மேல் லைன் ஒரு தொகுதி, கீழ் லைன் இன்னொரு தொகுதி. நாங்கள் வைத்த பெயர் மேலத் தொகுதி, கீழத் தொகுதி.

ஓடையைக் கடக்க இரண்டு கற்பூர மரத்தடிகளைப் போட்டிருந்தோம். பள்ளிக்கூடமும் கொழுந்து எடை போடும் கொட்டகையும் மேலே. கீழ் லைன் பெண்கள் கொழுந்து மூட்டையோடு அந்த வழுக்குத் தடிமேல்தான் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் ராசம்மா அக்கா விழுந்தார். சிலோனிலிருந்து வந்து எங்கள் எஸ்டேட்டில் சேர்ந்தவர் அவர். லைனை இன்னமும் ‘லயம்’ என்றுதான் சொல்வார். உடைந்த மணிக்கட்டு கோணலாகவே கூடிவிட்டது. பாலம் கேட்டபோது, நேரில் வந்து பார்த்துவிட்டு, “மறுகரை என் தொகுதியில் இல்லையே” என்று கீழத் தொகுதி எம்.எல்.ஏ. கை விரித்தார். மேலத் தொகுதிக்காரரும் அதையே திருப்பிப் போட்டுச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த தேர்தலில், டீ ஃபேக்டரியில் மெஷின் பழுது பார்க்கும் ஃபிட்டராக இருந்த ஆறுமுகண்ணன் வேலையை விட்டுவிட்டுச் சுயேச்சையாக நின்றார். கேட்டது ஒரே ஒரு பாலம். கிடைத்த சின்னம் குடை. அவர் குடியிருந்தது மேல் லைனில், மனு போட்டது கீழத் தொகுதியில். ஏன் என்று கேட்டதற்குச் சொன்னார்:

“மேலத் தொகுதிக்காரரு இந்தப் பக்கம் எட்டிப் பாத்ததே இல்லீங்க. கீழத் தொகுதிக்காரராச்சும் நேர்ல வந்து முடியாதுன்னு சொன்னாரு. வந்த மனுசனை எதுத்துத்தானுங்களே நிக்க முடியும்?”

வேலைக்கு ஆள் எடுத்த விதம்

என் தொண்டைக்குள் எஸ்டேட்டே குடியிருந்தது. மேனேஜர் தொரையின் இருமல், கண்டக்டரின் விசில், பால்காரரின் மூக்குப் பேச்சு எல்லாம் வரும். ஒருநாள் ஆறுமுகண்ணன் கேன்டீனில் சூடான டீயை வாயருகே கொண்டுபோனார். நான் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, ஃபேக்டரியை நடத்தும் டீமேக்கர் குரலில், “ஆறுமுகம்! டிரையர் நின்னுபோச்சு, ஓடியா!” என்றேன். மனிதர் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். நான் அப்படியே எடுத்துக் குடித்தேன், அவருடைய வர்க்கி ரொட்டியையும் தொட்டுக்கொண்டு.

திரும்பி வந்தவர் என் காதைப் பிடித்தார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். காதை விடாமலே கேட்டார்:

“ஜீப்பு கிடைச்சிருச்சு, மைக் செட்டு கிடைச்சிருச்சு, பேசத்தான் ஆளில்லாம அலையறேன். உனக்குள்ள எத்தன பேருடா குடியிருக்கீங்க? எல்லாரையும் கூட்டிட்டு நாளைக்கு வந்து சேரு!”

பனிக்குள் ஒரு மாபெரும் கூட்டம்

எங்கள் பிரசாரம் நாடகம் மாதிரி. கீழத் தொகுதி எம்.எல்.ஏ. பேச்சைத் தொடங்கும்போது ஒரு கனைப்பு, பிறகு ஒரு ‘ஆகவே’. முன்னால் ஒன்றும் சொல்லியிருக்கவே மாட்டார், ஆனாலும் ஆகவே. “ஹ்ம்ம்… ஆகவே, பாலம் எதற்கு?” என்று அவர் குரலில் கேட்பேன். “பள்ளிக்கூடம் போகத்தானுங்க” என்று ஆறுமுகண்ணன் குரலில் பதில் சொல்வேன். “நல்லாக் கேளு சாமி!” என்று ஒரு கிழவியாகவும் நானே கத்துவேன். நான் கேட்ட ஓட்டை எதிர்மலையும் ஒருதரம் கேட்கும். அந்த எதிரொலிக்கு மட்டும் சம்பளம் கிடையாது.

ஒருநாள் மஞ்சூர் ரோட்டில் பனி இறங்கி, ஜீப்பின் மூக்கே தெரியவில்லை. டிரைவர் மணியண்ணன் தலையை வெளியே நீட்டி, சாக்கடையின் சத்தத்தை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கோ மனிதர்கள் இருமும் சத்தம் கேட்டது. நிறுத்தி, முழு நாடகத்தையும் போட்டோம். பனிக்குள்ளிருந்து பலத்த கைதட்டல். இன்னொரு முறை என்றார்கள், அதையும் செய்தோம். டீயும் வர்க்கியும் வந்தன. கடைசியில் ஒரு பெரியவர் ஜீப்பின் பக்கத்தில் முளைத்து, என் தோளைத் தட்டினார்:

“அருமையாப் பேசுனீங் தம்பி, வயிறு வலிக்கச் சிரிச்சோம். ஆனா எங்க ஓட்டு மேலத் தொகுதிங்க. உங்க தொகுதி ரெண்டு வளைவுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு!”

வேட்பாளர் வீட்டு ஓட்டு

கீழ் லைனில் ஒரு வாலிபன், ஆறுமுகண்ணனை மடக்க நினைத்து, கூட்டத்தின் நடுவில் கேட்டான்: “ஏனுங், உங்க ஊட்டு ஓட்டாவது உங்களுக்கு உண்டுங்களா?” மேல் லைன்காரர் கீழத் தொகுதியில் நிற்கலாம், ஆனால் ஓட்டுப் போட முடியாது. அவர் பெண்சாதிக்கும் முடியாது. ஆறுமுகண்ணன் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அமைதியாகச் சொன்னார்:

“இல்லீங்க கண்ணு. எங்க ஊட்டுல இருந்தா வந்திருப்பனா? இல்லீன்னுதான் உங்க ஊட்டுக்கு வந்திருக்கறேன்.”

தடிமேல் எம்.எல்.ஏ.

பிரசாரத்தின் கடைசி வாரம். எம்.எல்.ஏ. சலவை வேட்டியோடு கீழ்க் கரைக்கு வந்தார். அன்றும் பனி. எங்கள் ஜீப் மேல்கரையில், சத்தம் காட்டாமல் நின்றிருந்தது. அவர் கட்சியின் மேலத் தொகுதி வேட்பாளர் பெரிய தலை. அவர் குரல் கரகரவென்று, காப்பிக் கொட்டை அரைக்கிற மாதிரி இருக்கும். எனக்கு நாக்கு அரித்தது. மைக்கைத் தட்டி, “யாருப்பா அக்கரையில, நம்ம ஆளா? இங்க வாய்யா, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்” என்று கரகரத்தேன்.

“இதோ வந்துட்டேண்ணே!” என்று எம்.எல்.ஏ. தடிமேல் காலை வைத்தார். கூட வந்தவர்கள் யாரும் வைக்கவில்லை. பாதி தூரம் வந்ததும் செருப்பு வழுக்கியது. மனிதர் தடிமேல் குதிரை ஏறின மாதிரி உட்கார்ந்துவிட்டார். கீழே ஓடை இரைகிறது. அப்போது கனைப்பும் இல்லை, ஆகவேயும் இல்லை. “ஐயோ அம்மா! இங்க ஒரு பாலத்தைக் கட்டாம விட்ட பாவி எவன்டா? நானே கட்டித் தர்றேன், என்னைத் தூக்குங்கடா!” என்று அலறினார். இரண்டு கரையிலும் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள்.

ஆறுமுகண்ணன்தான் தடிமேல் போய், கை கொடுத்துத் தூக்கினார். பனி கொஞ்சம் விலகியது. ராசம்மா அக்கா, கோணல் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துவிட்டுச் சொன்னார்:

“மூஞ்சி மேலத் தொகுதியில, முதுகு நம்ம பக்கம். ஐயா எப்பயும் போலத்தான் இருக்காரு!”

அது நான் இல்லை

எங்களுக்குக் கொண்டாட்டம். ‘எம்.எல்.ஏ.வே கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டார்’ என்று ஜீப்பில் முழங்கினேன். இரண்டே நாள்தான். குன்னூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் அவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். “ஹ்ம்ம்… ஆகவே, அந்த வார்த்தை என்னுடையதல்ல. பனிக்குள்ளிருந்து என் குரலில் பேசும் ஒரு பையன் இருக்கிறான். அவன் சொன்னது அது.” கூட்டம் கை தட்டியது. ஏனென்றால், பையன் இருப்பது தொகுதிக்கே தெரியும்.

அதற்குப் பிறகு நான் மைக்கைத் தொட்டாலே சிரிப்பு. “அடே, அதுவும் நீ பேசுனதுதானேடா!” என்று டீக்கடைகளில் கேட்டார்கள். தடிமேல் உட்கார்ந்து அலறியது அவர்தான் என்று ராசம்மா அக்கா சத்தியம் செய்தும், கேட்க ஆளில்லை. மைக்கை ஜீப் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டேன். ஆறுமுகண்ணன் அதட்டவும் இல்லை. பாதி வர்க்கியை உடைத்து என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“இத்தன நாளும் நீ பேசுனதை எல்லாரும் அவரு பேசுன மாதிரியே இருக்குன்னாங்க. இப்ப அவரு பேசுனதை, நீ பேசுன மாதிரியே இருக்குங்கறாங்க. சாப்புடு, ஆறிப்போகுது டீ.”

மழை செய்த பிரசாரம்

ஓட்டுப்பதிவு அன்று விடியும்போதே மழை. கீழ் லைன் வாக்குச்சாவடியில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு தலைக்கு மேலும் ஒரு குடை. சாவடிக்குப் பக்கத்தில் சின்னத்தைக் காட்டக் கூடாது என்பது விதி. எம்.எல்.ஏ.வின் ஏஜெண்டு துள்ளிக் குதித்தார்: “சார், இத்தனையும் பிரசாரம்! எல்லாத்தையும் மடக்கச் சொல்லுங்க!” கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அதிகாரி, குரங்குக் குல்லாய்க்குள் பல் தந்தியடிக்க, என்னவென்று பார்க்க வெளியே வந்தார். வெளியே மழை அல்லவா? வரும்போது தன் குடையையும் விரித்துக்கொண்டு வந்தார்.

வரிசையில் முதல் ஆளாக நின்ற ராசம்மா அக்கா, அவரை ஏற இறங்கப் பார்த்தார்:

“மொதல்ல நீங்க மடக்குங்க சார். பெரிய ஆபீசரே குடைக்கு ஓட்டுக் கேட்டா, நாங்க வேற என்னத்துல குத்துறது?”

வாய் நிறைய ஓடைத் தண்ணீர்

எம்.எல்.ஏ. மறுபடியும் ஜெயித்தார். ஆறுமுகண்ணனுக்கு டெப்பாசிட் போயிற்று. ஆனால் எங்கள் சாவடிப் பெட்டியைக் கவிழ்த்தபோது குடை குடையாகக் கொட்டியதாம். அது எம்.எல்.ஏ.வை உறுத்தியிருக்க வேண்டும். நன்றி சொல்ல எங்கள் ஓடைக்கரைக்கே வந்துவிட்டார், வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து. மாலை வாங்கிக்கொண்டு, “இன்றைக்கு அந்தக் குரல் பையன் இல்லையா?” என்று கிண்டலாகக் கேட்டார்.

ஆறுமுகண்ணன் என்னைக் கூட்டத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்தினார். ஓடையில் ஒரு சொம்பு மொண்டு, என் வாய் நிறைய ஊற்றினார். “ஐயா, அன்னிக்குப் பேசுனது இவன்னு சொல்லீட்டீங்க. சரிங்க. இன்னிக்கு இவன் வாயில தண்ணி இருக்குது, பனியும் இல்ல. இப்ப நீங்க சொல்லுங்க, பாலம் உண்டுங்களா இல்லீங்களா?” என்றார். ஐஸ் மாதிரி தண்ணீர். பல் விறைத்து, காது வரை வலித்தது. எம்.எல்.ஏ. என் உப்பிய கன்னத்தைப் பார்த்தார். தடியைப் பார்த்தார். “ஹ்ம்ம்… ஆகவே…” என்று ஆரம்பித்தார். ஐயோ, எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது! சிரித்தால் தண்ணீர் போகும், தண்ணீர் போனால் அவருக்கு மறுபடி ஒரு வழி கிடைக்கும். ராசம்மா அக்காவின் கோணல் மணிக்கட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு உள்ளேயே இறங்கிவிட்டது.

“கட்டித் தர்றேன்” என்றார் அவர். மெதுவாக, கனைப்பில்லாமல்.

ராசம்மா அக்கா என்னிடம் வந்து, இரண்டு கன்னத்தையும் விரலால் அழுத்திப் பார்த்தார். தண்ணீர் பீறிட்டு அவர் முகத்திலேயே அடித்தது. துடைக்காமலே கூட்டத்தின் பக்கம் திரும்பிச் சொன்னார்:

“ரொம்பித்தான் இருந்துச்சு. சொன்னது அவருதான், நாங்க சாட்சி!”

அடுத்த மழைக்கு முன்னால் இரும்புப் பாலம் வந்துவிட்டது. கல்வெட்டில் எம்.எல்.ஏ. பெயர்தான். நான் இப்போது கோயம்புத்தூரில் ஐ.டி.ஐ. படிக்கிறேன். இங்கே பனி இல்லை, யார் குரலில் பேசினாலும் முகம் தெரிந்து உதை விழுகிறது. ஈரக் கித்தான் வாசனைக்கும், நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் அந்த எதிர்மலைக்கும் மனசு ஏங்குகிறது. ஊருக்குப் போனால் பாலத்தின் நடுவில் நின்று, இரண்டு தொகுதிக்கும் கேட்கிற மாதிரி ஒரு ‘ஆகவே’ விட்டுவிட்டுத்தான் வருவேன்.

ஊரில் உள்ள அத்தனை பேர் குரலிலும் பேசித் தீர்த்த நான், என் தொகுதிக்கு உருப்படியாகச் செய்த ஒரே வேலை, ஒரு சொம்புத் தண்ணீர் அளவுக்கு வாயை மூடிக்கொண்டு நின்றதுதான்.